ரோல்பிளே கேமுக்கு அட்டைப்படம்: நான் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்

போன மாதம் தொண்டியிலிருந்து இரண்டு பையன்கள் மண்டபம் ஊரில் என் வீடு தேடி வந்தார்கள். சொந்தமாக ஒரு டேபிள்டாப் ரோல்பிளே கேம் எழுதியிருக்கிறார்கள். (புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, பேசிப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு.) அவர்களுடையது பழைய தொண்டித் துறைமுகத்து வணிகர்களைப் பற்றியது. அகில் கட்டை, கடன் சீட்டு, கொண்டல் காற்று எப்போது வீசும் என்ற கணக்கு. எழுத்து அவ்வளவு அருமை. அப்புறம் அட்டையைக் காட்டினார்கள். நெருப்புக் கக்கும் யாளி, அதன் முன்னால் வாளோடு ஒருத்தன்.

"கேம்ல யாளி எங்கப்பா வருது?"

"வராதுண்ணே. அட்டைக்குத்தான்."

இதே "அட்டைக்குத்தான்" ஏழு வருடத்துக்கு முன்னால் என் சேமிப்பைத் தின்றது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை பாருங்கள், மங்கலான படம் போடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

உள்ளே இல்லாத விளையாட்டை அட்டையில் வரைவது

மன்னார் வளைகுடாவின் கடல்சார் தேசியப் பூங்காவில் கணக்குக்கு 21 தீவுகள். அதில் இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. என் கேமின் பெயர் 'இருபத்திரண்டாம் தீவு'. வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி நீர் வற்றும்போது மேலே வரும் தீவு அது. வத்தை என்கிற சின்னப் படகில் நாலு பேர் போகிறார்கள். தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் அங்கே கிடப்பதில் எதை எடுத்து வருவது, எதை விட்டு வருவது என்று அவர்களுக்குள்ளேயே முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். 64 பக்கப் புத்தகத்தில் சண்டைக்கான விதிகள் இரண்டே பக்கம்.

அட்டையில் நான் போட்டது என்ன தெரியுமா? படகைச் சுற்றி வளைத்த ராட்சத ஆக்டோபஸ், அதை வெட்டப் பாயும் ஒரு வீரன். நான் ஆசையாகப் பார்த்து வளர்ந்த அட்டைகள் அப்படி. 1983இல் வந்த, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபலமான ரோல்பிளே கேமின் சிவப்புப் பெட்டியில் லாரி எல்மோர் வரைந்த படம் நினைவிருக்கலாம், சிவப்பு டிராகனும் அதை எதிர்த்து நிற்கும் வீரனும். அந்த கேமுக்கு அது சரியான படம், பெட்டியைத் திறந்தால் உள்ளேயும் டிராகன் உண்டு, வாள் உண்டு, அதை வீசுவதற்கு விதியும் உண்டு. நான் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை யோசிக்கவே இல்லை.

சிவகாசியில் 300 பிரதி அடித்தேன், 41,000 ரூபாய். ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்த முதல் நாளே ஆறு கல்லூரிப் பையன்கள் அட்டையைப் பார்த்து ஓடி வந்தார்கள். ஆடவும் உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒருவன் கேட்டான்: "ஆக்டோபஸ் எப்பண்ணே வரும்?" அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. அவனுக்குச் சொன்னதை நான் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆறு பேரும் எழுந்து போனார்கள்.

அதைவிட என்னை இன்றைக்கும் உறுத்துவது அன்று மத்தியானம் நடந்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லியே பாடம் நடத்தும் ஒரு டீச்சர் அக்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றார். இந்த கேம் யாருக்காக எழுதப்பட்டதோ அவரேதான் அது. புத்தகத்தைக் கையில்கூட எடுக்கவில்லை. "வெட்டுக்குத்து விளையாட்டு போல, நமக்கு வேணாம் தம்பி" என்று நகர்ந்துவிட்டார். பின்னாலேயே போய் "அக்கா, உள்ளே அப்படி இல்லை" என்று சொல்லலாம்தான், ஆனால் கடையில் கிடக்கும் ஒவ்வொரு பிரதிக்குப் பின்னாலும் நான் நின்றுகொண்டிருக்க முடியுமா? ஒரே படம், வந்தவர்களை ஏமாற்றியது, வர வேண்டியவரைத் திருப்பி அனுப்பியது. 180 பிரதிகள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

அதற்கப்புறம்தான் பழைய அட்டைகளை உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். 1978இல் வந்த ஏடி அண்ட் டி (அதே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 'அட்வான்ஸ்டு' வடிவம்) பிளேயர்ஸ் ஹேண்ட்புக், அட்டை டேவிட் டிராம்பியர் வரைந்தது. ஒரு பெரிய பேய்ச்சிலை, அதன் மேல் ஏறி இரண்டு பேர் கண்ணில் பதித்த கல்லை நெம்பி எடுக்கிறார்கள். கீழே சண்டை முடிந்துவிட்டது. ஒருவன் வாளைத் துடைக்கிறான், செத்துக் கிடக்கும் பல்லி மனிதர்களை இழுத்துப் போடுகிறார்கள், சிலர் வரைபடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த கேமில் ஒரு சாயங்காலம் முழுக்க நீங்கள் என்னவெல்லாம் செய்வீர்களோ அத்தனையும் அந்த ஒரு படத்தில் இருக்கிறது! தனி நாயகன் யாரும் கிடையாது. கும்பலாகப் போய்க் கும்பலாக மாட்டிக்கொள்ளும் விளையாட்டு என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

1991இல் வந்த ரத்தக்காட்டேரி கேம் வேம்பயர்: தி மாஸ்கரேட் அட்டையில் பல்லைக் காட்டும் பேய் இல்லை. பச்சைப் பளிங்கு, மேலே ஒற்றைச் சிவப்பு ரோஜா. டிராகனைக் கொல்ல வருகிறவர் அதைத் தொட மாட்டார், ஆனால் அந்த கேமுக்கு வேண்டிய ஆள் கட்டாயம் கையில் எடுப்பார். 1977இன் டிராவலர் இன்னும் துணிச்சல்: படமே இல்லாத கறுப்புப் பெட்டி, அதன் மேல் ஆபத்தில் சிக்கிய ஒரு விண்கலத்தின் அபயக்குரல், எழுத்தில். படிக்கிறவர் போய்க் காப்பாற்றப் போகிறாரா இல்லையா என்ற கேள்வியில் ஆட்டம் அட்டையிலேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் பதிப்புக்குப் பாம்பனில் படகுகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டர் அண்ணனிடம் போனேன். இரவு, வற்றிய கடல், மணலில் தட்டி நிற்கும் வத்தை. நாலு பேரில் ஒருத்தி மட்டும் ஒரு காலை மணலில் வைத்திருக்கிறாள், மற்ற மூன்று பேரும் அந்தக் காலையே பார்க்கிறார்கள். அவ்வளவுதான் படம். போன வருடம் அதே டீச்சர் அக்கா அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ இறங்கலாமா கூடாதா?" என்று கேட்டார். அதைத்தான் நீங்கள் முடிவு பண்ணணும்க்கா என்றேன். புத்தகம் அவரோடு போனது.

ஓவியரிடம் உங்கள் உலக வரலாற்றை ஒப்பிப்பது

பத்துப் பக்கக் குறிப்பு கொடுத்தால் பத்துப் பக்கமும் படத்துக்குள் வந்து நெருக்கியடித்து நிற்கும். உங்கள் கேமை ஆடும்போது மேசையில் எந்த இடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்களோ, அந்த ஒரு காட்சியைச் சொல்லுங்கள், போதும்.

தலைப்பின் புள்ளியைத் தொலைப்பது

இதை இங்கிலீஷ் அட்டைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. 'இருபத்திரண்டாம்' என்ற ஒரே சொல்லில் மூன்று புள்ளி இருக்கிறது. நட்சத்திரம் நிறைந்த வானத்தின் மேல் வெள்ளை எழுத்தில் அதை அடித்தால் எது புள்ளி, எது நட்சத்திரம்? முதல் ப்ரூஃபில் (மாதிரி அச்சில்) எனக்கே தடுமாறியது. நம் எழுத்துக்கு மேலே விசிறி உண்டு, கீழே சுழி உண்டு. இரண்டு வரித் தலைப்பென்றால் இடைவெளியை நன்றாக விடுங்கள், எழுத்துக்குப் பின்னால் வானத்தைக் காலியாக வைக்கச் சொல்லுங்கள்.

திரையில் தெரியும் கடல் நிறத்தை நம்புவது

தனுஷ்கோடிப் பக்கம் வெயிலில் தெரியும் அந்தப் பச்சை கலந்த நீலம் கம்ப்யூட்டரில் மின்னும். நாலு கலர் அச்சில் அது வராது, சோர்ந்துபோய்த்தான் வரும். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போட்டால் இருட்டான படம் இன்னும் ஒரு படி மங்கும். ஒரு பிரதி அடித்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள். இன்னொன்று, நம் கடலோர ஈரக்காற்றில் ஒரு பக்கம் மட்டும் லேமினேட் செய்த மெல்லிய அட்டை அப்பளம் மாதிரிச் சுருளும். கனமான அட்டை வாங்குங்கள்.

போனில் பார்க்காமல் ஓகே சொல்வது

கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க முடியவில்லையா, மாற்றுங்கள்.

படத்தின் உரிமையை வாய்ப்பேச்சில் விடுவது

எழுதி வாங்குங்கள், எழுதியும் கொடுங்கள்.

பின்னட்டையை மறப்பது

எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன பகடை என்று அங்கே போடுங்கள். தொண்டிப் பையன்கள் நேற்று புது ஸ்கெட்ச் அனுப்பியிருந்தார்கள்: தராசுத் தட்டில் அகில் கட்டை, விலை பேசும் இரண்டு பேர், மூன்றாவது ஆள் மட்டும் முகத்தைத் தூக்கிக் காற்று வரும் திசையைப் பார்க்கிறான். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பின்னட்டை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, இன்றைக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும்.