எஞ்சின் மாற்றும் முன் துருவை வெட்டி எடுங்கள்

காரின் பழைய எஞ்சினை இறக்கியதும் முதல் வேலை துருதான். புதியதை ஏற்றிவிட்டால் ஃபயர்வாலுக்கு (எஞ்சினுக்கும் உள் அறைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) கை எட்டாது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கும் இடத்தைத் தாண்டி, பளபளக்கும் நல்ல தகடு வரும்வரை வெட்டுங்கள். பட்டி பூசி மறைத்தால் அடியில் துரு அரித்துக்கொண்டேதான் இருக்கும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி, பெட்ரோல் டேங்க், குழாய்கள், கார்பெட் எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். ஒட்டுத்தகடு 0.8 முதல் 1 மி.மீ. கனம், மிக் வெல்டரில் (கம்பியைத் தானாக ஊட்டும் வெல்டிங் இயந்திரம்) 0.6 மி.மீ. கம்பி. ஒரே இழுப்பாக ஓட்டினால் தகடு நெளியும். 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, ஆறவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாக நிரப்புங்கள். பிறகு துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர், இணைப்பில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர்.

எஞ்சினைத் தாங்கும் எஞ்சின் மவுண்ட் உட்காரும் சட்டத்துக்கு இந்த மெல்லிய தகடு ஆகாது. அங்கே அசல் கனத்துக்கே போடுங்கள்.