உப்புக்காற்று ஊரில் பழைய வாட்ச்: வாங்குவதும் தினமும் கட்டுவதும்

பழைய வாட்ச் கட்ட ஆசையா? ஆன்லைனில் தேடுவதற்கு முன் வீட்டு பீரோவைத் துழாவுங்கள். கீழக்கரை, தொண்டி பக்கம் சபுர் (பிழைப்புக்காக வெளிநாடு) போய் வந்தவர்கள் வீட்டில் சீக்கோ 5 என்ற ஜப்பான் வாட்ச் ஒன்று ஓடாமல் கிடக்கும். அரசு வேலை பார்த்த தாத்தா இருந்தால், நம் அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் வாட்ச் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரிந்த வாட்ச்தான் புதியவர்களுக்கு நல்லது.

1. வாங்கும்போது. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. சாவி கொடுக்கும் ‘ஜனதா’ முதல் வாட்சுக்குப் போதும். எளிய எந்திரம், பழைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். ஆனால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் புதுசாக மின்னும் டயலோடு விலை மலிவாக வந்தால், பெரும்பாலும் அது மறுபடி பெயின்ட் அடித்தது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: எழுத்து ஓரம் கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் கோணலாக இருக்கும்.

சீக்கோ என்றால் பின்மூடியைத் திருப்புங்கள். 7009 என்பது போல எந்திர எண் இருக்கும்; டயலின் அடியில் பொடி எழுத்தில் உள்ள முதல் நான்கு இலக்கமும் அதுவாகவே இருக்க வேண்டும். ஆறு இலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 38 என்று தொடங்கினால் 3-இல் முடியும் வருடம், ஆகஸ்ட். கிழமை அரபியில் வந்தால் பயப்பட வேண்டாம், வளைகுடாச் சந்தைக்குச் செய்தது அப்படித்தான் வரும்.

2. கட்டுவதற்கு முன் சர்வீஸ். ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் பற்சக்கரத்தின் அச்சு தேயும். பிரித்துக் கழுவி எண்ணெய் போடச் சொல்லுங்கள். வெறுமனே ஊதி மூடித் தருபவரிடம் கொடுக்காதீர்கள்.

3. சாவி. காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். இறுகியதும் நிறுத்துங்கள். சீக்கோ 7009-க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, மெல்ல ஆட்டினால் ஓடும். இரவு 9 முதல் அதிகாலை 4 வரை தேதியை மாற்றாதீர்கள். அப்போது தேதிச் சக்கரம் கடித்துக்கொண்டிருக்கும்.

4. உப்பு. நம்ம ஊரில் வாட்ச் கெடுவது இதனால்தான். பழைய ரப்பர் வளையம் காய்ந்து போயிருக்கும், ‘வாட்டர்’ என்று பின்னால் எழுதியிருப்பதை நம்பி மழையில்கூட நனையாதீர்கள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம் ஆடப் போகிறீர்களா, வாட்ச் வீட்டிலேயே இருக்கட்டும். பாம்பன் பாலத்தில் நின்று காற்று வாங்கிவிட்டு வந்தாலும், லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பட்டையைக் கழற்றி, அதைப் பிடிக்கும் சிறு கம்பி போகும் துளையைப் பாருங்கள்: முலாம் உரிந்து பச்சை பூத்திருந்தால் வியர்வை உள்ளே தங்குகிறது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். தோல் பட்டை இந்த வெயிலில் நாறிவிடும். நைலான் போடுங்கள், துவைத்துக் காயப்போடலாம்.

5. கண்ணாடிக் கீறல். கண்ணாடி அக்ரிலிக் (ஒருவகை பிளாஸ்டிக்) என்றால், துளி பற்பசையைத் துணியில் வைத்துத் தேய்த்தால் கீறல் மங்கும். பேஸ்ட் ஓரத்துக்குள் போகக் கூடாது.

6. நேரம். நாளுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போனால் விட்டுவிடுங்கள். திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர் மேல் கழற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். காந்தம் எடுக்கும் கருவி ரிப்பேர் கடையில் இருக்கும், நிமிட வேலைதான்.