விண்டோஸ் கணினியில் பின் எண் முடங்கினால் என்ன செய்வது?

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள வீட்டுக் கணினியில் பின் எண்ணைப் பலமுறை தவறாக இட்டாலோ, கணினி அடுத்தடுத்து அணைந்து எழுந்தாலோ, அந்த உள்நுழைவு முறை முடக்கப்பட்டிருப்பதாகவும் குறைந்தது 2 மணி நேரம் கணினியை இயக்கத்திலேயே வைத்திருக்குமாறும் திரையில் ஓர் அறிவிப்பு வரலாம். பின் எண்ணைக் காக்கும் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லு, யாரோ ஊகித்து நுழைய முயல்வதாகக் கருதித் தன்னைப் பூட்டிக்கொள்வதே இதற்குக் காரணம். உங்கள் கோப்புகளுக்கு இதனால் எந்தச் சேதமும் இல்லை.

முதலில், உள்நுழைவு விருப்பங்களைச் சொடுக்கி, சாவிச் சின்னம் தென்பட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டு நுழையுங்கள். அது இல்லையென்றால் காத்திருப்பதே வழி. மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்து, மூடியைத் திறந்தபடியே விட்டு, உறக்க நிலைக்குப் போகாதபடி அவ்வப்போது சுட்டியை அசைத்துவிடுங்கள். பொறுமையிழந்து மறுதொடக்கம் செய்யவே வேண்டாம். அதுவே காத்திருப்பை வீணாக்கிவிடும்.

டிபிஎம் சில்லில் உள்ளவற்றை அழித்துவிடுமாறு சிலர் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து உடனே பின்பற்றாதீர்கள். வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாதவர் தம் தரவு முழுவதையும் இழக்க நேரிடும்.

உள்ளே நுழைந்ததும், அமைப்புகளில் கணக்குகள் பகுதியிலுள்ள உள்நுழைவு விருப்பங்களுக்குச் சென்று, விண்டோஸ் ஹலோவை (பின் எண், முகம், கைரேகை கொண்டு நுழையும் முறை) மட்டுமே அனுமதிக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். பூட்டுத் திரையில் கடவுச்சொல் தென்படாமல் மறைப்பதும், பின் எண்ணை நீக்கும் பொத்தானை மங்கலாக்குவதும் பெரும்பாலும் இந்த அமைப்புதான்.