ஒலியால் கதை சொல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலி ஆவணங்களிலும் ஒலிக்கதைகளிலும் காணப்படும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வேர்தான்: எழுத்து முதலில் முடிந்துவிடுகிறது, ஒலி பிறகு வந்து சேர்கிறது. கட்டுரை போன்ற ஒரு பிரதியை எழுதி, அதைக் குரலில் பதிவு செய்து, மழை என்ற சொல் வரும் இடத்தில் மழைச் சத்தத்தையும் ரயில் என்ற சொல் வரும் இடத்தில் ரயில் சத்தத்தையும் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கருதுகிறார்கள். அப்படி உருவான படைப்பிலிருந்து சத்தங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டாலும் கேட்பவர் எதையும் இழப்பதில்லை. சொல் ஏற்கெனவே சொல்லிவிட்டதையே ஒலி திரும்பச் சொல்கிறது. ஆகவே, தொகுத்து முடித்த ஒவ்வொரு பகுதியிலும் ஒலித் தடத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் ஒருமுறை கேட்பது நல்லது. பொருள் சற்றும் குறையவில்லை என்றால், அங்கே ஒலியை நீக்க வேண்டும், அல்லது ஒலி சொல்லிவிடும் வாக்கியத்தைப் பிரதியிலிருந்து நீக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதே சரியான முடிவாக இருக்கும்.

இதை உணர்ந்தவர்கள் சில வேளை எதிர்த்திசையில் வெகுதூரம் போய்விடுகிறார்கள். விளக்கமே கூடாது, ஒலியே பேசட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் காட்சி இல்லாத இடத்தில் காது எளிதில் ஏமாறும். மழை, கைதட்டல், எண்ணெயில் ஏதோ பொரிவது, அலைவரிசை தப்பிய வானொலியின் இரைச்சல் ஆகிய நான்கும் ஏறத்தாழ எல்லா அதிர்வெண்களும் கலந்த ஓசைகளே. சூழல் தெரியாதபோது ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது இயல்பு. பதிவு செய்தவருக்கு அது எந்த இடத்து ஒலி என்பது நினைவில் இருப்பதால் இந்தக் குழப்பம் தெரிவதே இல்லை. ஒலிக்கு முன்னால் வரும் ஒரு சொல், அல்லது பேசுபவரின் போகிறபோக்கிலான ஒரு குறிப்பு, கேட்பவரை அந்த இடத்தில் நிறுத்திவிடும். ஒலி சொல்லப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவது வேறு, எதைக் கேட்க வேண்டும் என்று காதைத் திருப்பிவிடுவது வேறு. "இந்தக் கதவு முப்பது ஆண்டுகளாகத் திறக்கப்படவில்லை" என்று ஒருவர் சொன்ன பிறகு வரும் கிறீச்சிடலை எல்லோரும் கூர்ந்து கேட்பார்கள். "கதவு கிறீச்சிட்டபடி திறந்தது" என்ற வாக்கியத்துக்குப் பின் வரும் அதே ஓசையை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பதிவுக் களத்தில் நேரும் தவறுகள்

ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பதிவுக் களத்திலேயே தன் வேலையைக் காட்டிவிடும். நேர்காணலை மட்டும் பதிவு செய்துகொண்டு திரும்புவதுதான் அங்கே நேரும் பெரிய இழப்பு. பேசியவரின் குரல் இருக்கும். அவர் வாழும் இடம் இருக்காது. அதே இடத்தை அருகிலிருந்தும், சற்றுத் தள்ளியும், தொலைவிலிருந்தும் தனித்தனியாகப் பதிவு செய்தால்தான் தொகுக்கும்போது நெருக்கத்தையும் விலகலையும் உருவாக்க முடியும். எல்லாமே ஒரே தொலைவிலிருந்து பதிவாகியிருந்தால், எத்தனை மென்பொருள் இருந்தாலும் படைப்பு தட்டையாகவே இருக்கும். யாரும் பேசாத நிலையில் அந்த அறையின் இயல்பான ஒலியைக் குறைந்தது ஒரு நிமிடமாவது பதிவு செய்ய வேண்டும். வெட்டிய இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வைக்க வேண்டியது அதுதான். அது இல்லாதபோது தொகுப்பாளர் வெறுமையை வைப்பார். ஒலி முற்றிலும் அறுந்துபோகும் அந்தக் கணத்தைக் கேட்பவர் அமைதியாக உணரமாட்டார், கருவி பழுதாகிவிட்டதோ என்று சரிபார்க்கத் தொடங்குவார்.

ஹெட்போன் இல்லாமல் பதிவு செய்வதற்குப் பலர் சொல்லும் காரணம், இடம் அமைதியாகத்தானே இருந்தது என்பதே. நம் இரண்டு காதுகளும் மூளையும் சேர்ந்து, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவிலும் ஒரு குரலைப் பிரித்தெடுத்துத் தருகின்றன. பிரிட்டன் அறிவியலாளர் காலின் செர்ரி 1953-இல் ஆராய்ந்து எழுதிய இந்தத் திறன் ஒலிவாங்கிக்குக் கிடையாது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், பக்கத்து அறையின் மின்விசிறி, மேசையில் தட்டும் விரல் எல்லாவற்றையும் அது வேறுபாடின்றி எடுத்துக்கொள்ளும். உறுமல் தொடர்ந்து இருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். பாதி வாக்கியத்தில் தொடங்கிப் பாதியில் நிற்கும் உறுமலே தொகுப்பைக் கெடுக்கும், ஏனெனில் வாக்கியங்களை இடம் மாற்றும்போது ஒவ்வொரு வெட்டும் அம்பலமாகிவிடும். இரைச்சலான இடத்தில் முதலில் செய்ய வேண்டியது பேசுபவரிடம் நெருங்குவதுதான். திறந்தவெளியில் தொலைவைப் பாதியாகக் குறைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் உயரும்; சுற்றுப்புற ஒலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். எந்த இரைச்சல் நீக்கி மென்பொருளும் இவ்வளவு சுத்தமாக இந்த வேலையைச் செய்வதில்லை.

கைப்பேசியில் பதிவு செய்வது தவறல்ல. ஆனால் அதிலுள்ள தானியங்கி ஒலி அளவுக் கட்டுப்பாட்டையும் இரைச்சல் அடக்கத்தையும் அணைக்க வழியிருந்தும் அப்படியே விட்டுவிடுவது தவறு. பேச்சு நிற்கும்போதெல்லாம் முதலாவது பின்னணியைத் தூக்கிக் காட்டும். இரண்டாவது, ஆவணத்துக்கு மிகவும் தேவைப்படும் சூழலையே குப்பை என்று கருதித் துடைத்துவிடும். ஒலி அளவை அதிகமாக வைத்துப் பதிவு செய்வதும் பழைய பழக்கத்தின் எச்சமே. மெல்லிய ஒலியையும் நுணுக்கமாகப் பதியும் 24 பிட் பதிவில், கருவி தாங்கும் உச்சத்தை 0 என்று கொண்டால், உச்ச ஒலிகள் -12 டெசிபலைச் சுற்றி இருந்தாலே போதும், பிறகு உயர்த்திக்கொள்ளலாம். உச்சியில் வெட்டுப்பட்டுச் சிதைந்த அலையை முழுமையாக மீட்க முடியாது. மிக உரத்த ஒலியையும் வெட்டாமல் பதியும் 32 பிட் மிதவைப் புள்ளிப் பதிவுக் கருவிகள் வந்துவிட்டதால் இந்தக் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள், ஒலிவாங்கியே சிதைந்தால் அதற்கு அந்தக் கருவி பொறுப்பேற்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நேர்காணலில், பேசுபவரின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ம்", "ஆமாம்", "அப்படியா" என்று குரல் கொடுப்பது மரியாதையின் இயல்பான வெளிப்பாடுதான். ஆனால் தொகுக்கும் மேசையில் அந்த "ம்" ஒவ்வொன்றும் பேசுபவரின் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். கண்ணாலும் தலையசைப்பாலும் கேட்பதைப் பழகிக்கொள்ள வேண்டும். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவுவது இதைவிட மோசமானது. இரண்டு மூன்று வினாடிகள் பேசாமல் இருந்தால், முக்கியமான வாக்கியம் பெரும்பாலும் அப்போதுதான் வரும். வராவிட்டாலும் வெட்டுவதற்கு இடம் கிடைக்கும். உணர்ச்சியைக் கேட்டுப் பெற முயல்வதும் பயன் தருவதில்லை. "அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?" என்ற கேள்விக்கு எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே பதில்தான் இருக்கும். தறி நெய்பவரைத் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டே பேசச் சொன்னால், கைக்கும் பேச்சுக்கும் நடுவே அவர் மூச்சு வாங்குவதிலும் பாதியில் நிறுத்திவிட்டு நூலைப் பார்ப்பதிலும், அந்தக் கேள்வி தேடியது தானாகவே பதிவாகிவிடும்.

பரிசோதனை என்ற பெயரில்

ஒலி ஆவணத்தில் புதுமை செய்ய விரும்புவோர் முதலில் கையில் எடுப்பது, பல குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசவிடும் உத்தியைத்தான். பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் கனடிய வானொலிக்காக 1967-இல் உருவாக்கிய "வடக்கு என்னும் கருத்து" என்ற ஆவணம் இதற்கு முன்னோடியாக எப்போதும் சுட்டப்படுகிறது. அதைப் போலச் செய்பவர்கள், அவர் எதையெல்லாம் கட்டுக்குள் வைத்தார் என்பதைக் கவனிப்பதில்லை. குரல்கள் ஐந்துதான். அவை ஒன்றுக்கொன்று எளிதில் வேறுபடுகின்றன. முதல் குரல் தனியாகத் தொடங்கி, காதுக்குப் பழகிய பிறகே அடுத்தது நுழைகிறது. ஒன்று எழும்போது மற்றொன்று தணிகிறது. அடியில் ஓடிக்கொண்டிருக்கும் ரயிலின் ஓசை இவ்வளவையும் ஒரே பயணமாகக் கட்டிவைக்கிறது. இசையில் தனித்தனி இழைகளைப் பின்னிப் பழகிய ஒருவரின் கணக்கு அது. கணக்கை விட்டுவிட்டு, ஒத்த வயதும் ஒத்த சுருதியும் கொண்ட எட்டுப் பேரின் குரல்களை ஒரே அளவில் கலந்தால் கிடைப்பது வெறும் சந்தடியே. ஒரே நேரத்தில் இரண்டு பேச்சுகளின் பொருளையும் முழுமையாகப் பின்தொடர்வது மனிதக் காதுக்கு மிகவும் கடினம்; ஆகவே குரல்கள் மேலடுக்கும் இடத்தில் எந்த வாக்கியம் கேட்க வேண்டும், எது வெறும் நாதமாக நிற்கலாம் என்பதைப் படைப்பாளி முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான மயக்கமும் ஒன்று உண்டு. ஓர் இடத்தின் ஒலியை வெட்டாமல், சேர்க்காமல், அரைமணி நேரம் அப்படியே ஓடவிடுவதுதான் தூய ஆவணம் என்று சிலர் கருதுகிறார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் லுக் ஃபெராரி 1970-இல் முடித்த "ஏறக்குறைய ஒன்றுமில்லை" என்ற படைப்பு, ஒரு கடலோரச் சிற்றூரின் விடியலை யாரும் தொடாமல் பதிவு செய்ததுபோல் ஒலிக்கும். உண்மையில் அது பல விடியற்காலைகளில் பதிவு செய்தவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, சுமார் இருபது நிமிடங்களாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டது. தொகுப்பு தெரியாமல் இருக்கிறது என்பதால் தொகுப்பே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நீண்ட ஒலியில் ஏதேனும் ஒன்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும்: ஒரு படகு நெருங்கலாம், ஒரு பறவை ஓயலாம். எதுவும் மாறாத நான்கு நிமிடம் கேட்பவரின் பொறுமையைச் சோதிப்பதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை, அதைப் பரிசோதனை என்று அழைப்பதால் அந்தச் சோதனை குறைவதும் இல்லை.

எதிரொலி, பின்னோக்கிய ஒலி, குரலின் சுருதியைத் தாழ்த்துதல் போன்ற விளைவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நினைவு என்றால் எதிரொலி, அச்சம் என்றால் தாழ்ந்த முழக்கம் என்பவை தேய்ந்துபோன உத்திகள். ஒரு விளைவை ஒரு பொருளுக்கு ஒதுக்கினால் இறுதிவரை அந்தப் பொருளுக்கே வைத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் நினைவையும் மற்றோரிடத்தில் கனவையும் வேறோரிடத்தில் வெறும் அழகையும் அதே எதிரொலி குறித்தால், கேட்பவர் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுவார். சோகமான பேச்சுக்கு அடியில் மெல்லிய பியானோவை வைப்பதும் இதே வகைதான். பேசுபவரின் சொற்கள் போதாது என்று படைப்பாளியே ஒப்புக்கொள்வதாகத்தான் அதற்குப் பொருள்.

கேட்கும் கருவியை மறந்து செய்யும் புதுமைகள் தனி வகை. இரண்டு காதுகளும் கேட்பதுபோல் இரண்டு ஒலிவாங்கிகளால் எடுக்கும் இரு செவிப் பதிவு ஹெட்போனில் வியப்பூட்டும். ஒலிபெருக்கியில் அந்தச் சுற்றுவெளி பெரும்பாலும் கரைந்துவிடும். ஒரு குரலை முழுவதும் இடப்பக்கம் தள்ளினால், ஒரே காதில் கருவியை மாட்டிக் கேட்பவருக்கு அந்தப் பாத்திரமே இல்லாமல் போகலாம். இரண்டு தடங்களிலும் எதிரெதிர் கட்டத்தில் உள்ள ஒலி, அதாவது ஒன்றில் அலை எழும்போது மற்றொன்றில் தாழும் ஒலி, ஒரே தடமாகக் கலக்கும்போது தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த அதிர்வெண்களை எழுப்புவதே இல்லை என்பதால், கதையின் திருப்பத்தை ஓர் ஆழ்ந்த முழக்கத்திடம் மட்டும் ஒப்படைத்தால் பலருக்கு அந்தத் திருப்பம் நிகழாது.

உண்மையோடு விளையாடும்போது

நிகழ்த்திக் காட்டிய ஒலியை நடந்த நிகழ்வின் ஒலியாகக் கேட்கவிடுவது இந்தத் துறையில் மிக எளிது, ஆகவே மிக ஆபத்தானது. திரைப்படத்தில் உடையும் ஒளியும் மறுநிகழ்த்தலைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒலியில் அப்படிப்பட்ட அடையாளம் எதுவும் இல்லை. கற்பனைப் பகுதிகளை ஆவணத்தோடு கலப்பதில் தடையேதும் இல்லை, ஆனால் எது எது என்பதைக் கேட்பவர் எங்கேனும் அறிய வழியிருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கிய குரல்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். வாக்கியத்தின் நடுவில் வெட்டி ஒட்டுவதால் ஒருவர் தயங்கிச் சொன்னது உறுதியாகச் சொன்னதாக மாறிவிடலாம். தயக்கத்தையும் மூச்சையும் முழுக்கத் துடைப்பவர்கள் இதை அறியாமலேயே செய்துவிடுகிறார்கள். அடையாளத்தை மறைக்க வேண்டியவரின் குரலைச் சுருதி மாற்றி மட்டும் வெளியிடுவதும் போதாது. அந்த மாற்றத்தைப் பின்னோக்கிச் செய்து பழைய குரலை மீட்க முடியும். அவருடைய சொற்களை வேறொருவர் வாசிப்பதே பாதுகாப்பு.

இறுதிக் கலவை

கலவையில் நேரும் தவறுகளில் கண்டுபிடிக்கக் கடினமானது ஒன்று உண்டு. தொகுத்தவருக்கு ஒவ்வொரு வாக்கியமும் மனப்பாடம் ஆகியிருக்கும். பின்னணி ஒலி பேச்சை மூழ்கடித்தாலும் அவருடைய மூளை அந்தச் சொற்களை நிரப்பிக்கொள்ளும். முதல்முறை கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒலி அளவை மிகவும் குறைத்து வைத்துக் கேட்டு, அப்போதும் சொற்கள் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்ப்பது இதற்கு ஓரளவு உதவும். மொத்த ஒலி உரப்பையும் அளவிட வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 பரிந்துரை அதை -23 எல்.யூ.எஃப்.எஸ். (காது உணரும் உரப்பை அளக்கும் அலகு) என்று வரையறுக்கிறது, பாட்காஸ்ட்டுக்குப் பெரும்பாலோர் -16-ஐ ஒட்டி வைக்கிறார்கள். கிசுகிசுப்புக்கும் அலறலுக்கும் இடையே திரையரங்கில் எடுபடும் அளவுக்கு இடைவெளி விட்டால், சாலையில் நடந்தபடி கேட்பவர் ஒன்றைத் தவறவிடுவார், மற்றொன்றுக்குத் துள்ளிக் குதிப்பார்.

வெளியிடும் முன் பிறருக்குப் போட்டுக் காட்டுவோர், "பிடித்திருந்ததா?" என்று கேட்டுவிட்டுப் பாராட்டோடு திரும்புகிறார்கள். யார் பேசினார், எந்த இடம், அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தார் என்பவற்றைத்தான் கேட்க வேண்டும். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அமர்ந்து, எந்த நிமிடத்தில் கண் வேறெங்கோ போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் இருவர் வழி தவறினால், அந்த இடத்தைப் பற்றி அவர்கள் சொல்லும் தீர்வைவிட அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தை ஆராய்வது பலன் தரும். குழப்பம் வெளிப்படும் இடத்துக்குச் சற்று முன்னால்தான், சொல்லப்படாமல் விட்ட ஒரு பெயரோ வெட்டி எறிந்த ஒரு காலடி ஓசையோ பெரும்பாலும் இருக்கும்.