மிதக்கும் பனிப்பாறையின் தேய்வைச் செய்மதிப் படங்களால் அளத்தல்: தொடக்கநிலைச் செய்முறை

உயர்தரத்தில் புவியியலோ பௌதிகமோ கற்ற எவரும், தென்கடலில் மிதந்து திரியும் ஒரு பனிப்பாறை எவ்வளவு தேய்கிறது என்பதைக் கிளிநொச்சியில் இருந்தபடியே அளக்கலாம். ஒரு மடிக்கணினி, வரைபடங்களைக் கையாளும் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள், ஐரோப்பியச் செய்மதிப் படங்களைத் தரும் கொப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தில் ஒரு கணக்கு ஆகியன போதும். பயிற்சிக்கு ஏ-68ஏ பனிப்பாறையை எடுத்துக்கொள்வோம். அந்தாட்டிக்காவின் லார்சன் சி பனித்தட்டிலிருந்து 2017 யூலையில் ஏறத்தாழ 5,800 சதுர கிலோமீற்றர் பரப்புடன் பிரிந்த ஏ-68 இன் பெரும்பகுதி அது. 2020 இன் இறுதியில் தென் ஜோர்ஜியாத் தீவை அண்மித்து, 2021 இல் சிதறிப்போனது.

படி 1: இரணைமடுவில் பழகுதல்

முதலில் இரணைமடுக் குளத்தின் நீர்ப்பரப்பை அளந்து பாருங்கள். கணினியில் வரைந்த கரை சரிதானா என்பதை அங்கே நேரில் சென்று பார்த்துவிடலாம், தென்கடலில் அதற்கு வழியில்லை. மாரியில் முகில் மூடிக்கிடக்கும் நாட்களில் சாதாரண ஒளிப்படங்கள் உதவா. சென்ரினல்-1 செய்மதியின் ரேடார் அலைகளோ முகிலை ஊடுருவிச் செல்லும். அமைதியான நீர் அவ்வலைகளைச் செய்மதிக்குத் திருப்பாமல் அப்பால் தெறிக்கவிடுவதால் கரியதாகவும், சுற்றியுள்ள காடு வெளிறியதாகவும் தெரியும். சோளகம் வீசும் நாளில் நீர்ப்பரப்பு சிலிர்த்து வெளிறுவதால் கரை மங்கிவிடும். பனிப்பாறையை அளக்கும்போதும் இதே தொல்லை, இன்னும் பெரிதாக, வரும்.

படி 2: படங்களைத் தெரிதல்

நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் பனிப்பாறை இருந்த இடத்தை நாள்வாரியாகத் தேடிக் குறித்துக்கொண்டு, அதே நாட்களுக்குரிய சென்ரினல்-1 படங்களைப் பெறுங்கள். காற்றால் கொந்தளிக்கும் கடல் எச்.எச். படத்தில் (கிடையாக அனுப்பிய ரேடார் அலையைக் கிடையாகவே பெற்றது) பனிக்கட்டியைப் போலவே வெளிறித் தெரியும் என்பதால், எச்.வி. படமும் (கிடையாக அனுப்பி நிலைக்குத்தாகப் பெற்றது) கிடைக்குமாயின் அதையே தெரிவுசெய்க. கோடையில் மேற்பரப்பு உருகி ஈரமான பனி இருண்டு காணப்படும் என்பதையும் மனத்திற்கொள்ளுங்கள். முழுக் கோப்பு நூற்றுக்கணக்கான மெகாபைற்றுகள் வரும். நமது இணைய வேகத்துக்கு, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி இறக்குவதே உகந்தது.

படி 3: விளிம்பும் பரப்பும்

தொடக்கநிலையினர் பெரிதும் ஏமாறுவது வரைபட எறியத்தில், அதாவது உருண்டையான புவியைத் தட்டையான படமாக்கும் முறையில்தான். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மேர்கேற்றர் எறியத்திலேயே பரப்பைக் கணித்தால் இரணைமடுவில் வரும் பிழை ஏறத்தாழ மூன்று வீதம் மட்டுமே. ஆகவே அது கண்ணுக்குப் படாது. தென் ஜோர்ஜியாவின் அகலாங்கிலோ அதே தவறு பரப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்கிவிடும். எனவே கியூஜிஐஎஸ்ஸில் ஈ.பி.எஸ்.ஜி. 6932 என்ற குறியீட்டெண் கொண்ட, பரப்பு மாறாத எறியத்தைத் தெரிந்து, அதன்பின் விளிம்பை வரையுங்கள். ஒவ்வொரு விளிம்பையும், முந்திய கோட்டை மறைத்துவிட்டு, மறுபடியும் வரைக; இரு பரப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு உங்கள் கையின் பிழையைக் காட்டும்.

படி 4: தடிப்பு

பரப்பை மட்டும் அளந்துவிட்டு, பனிப்பாறை இவ்வளவு உருகியது என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. பரப்பு பெரும்பாலும் உடைவதாலேயே குறைகிறது; அடிப்புற உருகல் தடிப்பைக் குறைக்கிறது, அதை மேலிருந்து எடுத்த படம் காட்டாது. கிரையோசற்-2, ஐஸ்சற்-2 ஆகிய செய்மதிகளின் உயரமானித் தரவிலிருந்து, பனியின் மேற்பரப்பு அருகிலுள்ள கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதைப் பெறவேண்டும். அவ்வுயரத்தைக் கடல்நீரின் அடர்த்தியால் பெருக்கி, நீருக்கும் பனிக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாட்டால் வகுத்தால் மொத்தத் தடிப்பு வரும். கடல்நீருக்குக் கனமீற்றருக்கு 1027 கிலோகிராம், மேலடுக்கில் இறுகாத பனியையும் சேர்த்துப் பனிக்கு 850 எனக் கொண்டால், 30 மீற்றர் உயரம் ஏறக்குறைய 174 மீற்றர் தடிப்பாகும். உயரத்தில் ஒரு மீற்றர் பிழைத்தால் தடிப்பில் ஆறு மீற்றர் வரை பிழைக்கும் என்பதால், செய்மதி கடந்துசென்று அளந்த ஒரே கோட்டை நம்பாமல் அத்தகைய பல கோடுகளின் சராசரியை எடுங்கள். ஏ-68ஏ தொடக்கத்தில் சராசரியாக 235 மீற்றர் தடிப்புடன் இருந்து 168 மீற்றராகக் குறைந்தது என ஆய்வாளர் கணித்துள்ளனர். உங்கள் விடையை அதனுடன் ஒப்பிடலாம்.

படி 5: உடைவையும் உருகலையும் பிரித்தல்

பரப்பைத் தடிப்பால் பெருக்கி ஒவ்வொரு திகதிக்கும் கனவளவு காணுங்கள். 2020 டிசெம்பரில் ஏ-68டி என்ற துண்டு பிரிந்ததைப் போன்ற நிகழ்வுகள் இடையில் நேர்ந்திருந்தால், அத்துண்டின் கனவளவை இழப்பிலிருந்து கழித்துவிட்டு எஞ்சியதை நாட்களின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். அவ்வாறு கிடைக்கும் நாளாந்த இழப்பில், அடிப்புற உருகலுடன், படத்தில் பிரித்தறிய முடியாதவாறு விளிம்பிலிருந்து உதிர்ந்த சிறு துண்டுகளும் சேர்ந்தே இருக்கும்.