கையிலிருக்கும் மொபைலில் ஐந்து நிமிட ஆவணப்படம்: ஷூட்டிங் முதல் எடிட்டிங் வரை

மண்பாண்டம் செய்யும் ஒருவரைப் பற்றி ஐந்து நிமிடப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் சாதாரண ஆண்ட்ராய்டு மொபைல், வீட்டில் 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், செலவழிக்க இரண்டாயிரம் ரூபாய். இது போதும். அந்த இரண்டாயிரம் எதற்குப் போக வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மொபைல் மேல் மாட்டும் லென்ஸ், நடுக்கத்தைச் சமன் செய்யும் கிம்பல் கைப்பிடி எதுவும் இப்போது வேண்டாம். பணம் மைக்குக்கும் ஸ்டாண்டுக்கும் போகட்டும். நிறம் மங்கியிருந்தால் எடிட்டிங்கில் ஓரளவு தேற்றிவிடலாம். எதிரொலி அடித்த பேச்சையும் டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை ஓடிய படத்தையும் எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. அதனால் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் எடுக்கும் இடத்தில் செய்ய வேண்டியவைதான்.

படி 1: வாங்க வேண்டியவை, வாங்க வேண்டாதவை

காலர் மைக் ஒன்று. போயா பிஒய்-எம்1 போன்ற, 6 மீட்டர் வயர் உள்ள மைக் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். அதன் நடுவில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் மொபைல், மறுபக்கம் கேமரா. மொபைலில் செருகிவிட்டுச் சுவிட்சை கேமரா பக்கம் விட்டுவிடுவதும், கேமராவில் செருகிவிட்டு மொபைல் பக்கம் விட்டுவிடுவதும் எல்லாரும் செய்யும் பிழை. பேச்சு கேட்காது, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். உள்ளே இருக்கும் எல்ஆர்44 பட்டன் பேட்டரி கேமரா பக்கம் வைத்தால் மட்டுமே வேலை செய்யும்; வேலை முடிந்ததும் சுவிட்சைத் திருப்பாவிட்டால் அடுத்த முறைக்குள் தீர்ந்துவிடக்கூடும். மொபைலில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி தேவை. அதை வாங்கும்போதே கடையில் ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். சில மாற்றிகள் வெளிமைக்கை எடுக்காது. மொபைல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். மைக் தலையை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினால் எது வேலை செய்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

மைக் வாங்க முடியாதென்றால் இரண்டாவது மொபைலை ரெக்கார்டராக வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான மொபைல்களில் பேச்சு மைக் கீழ் விளிம்பில், சார்ஜர் துளைக்கு அருகில் இருக்கும். சட்டைப்பையில் தலைகீழாக வைத்தால் அந்த மைக் வாயைப் பார்த்து நிற்கும்.

ஸ்டாண்ட், மீதிப் பணத்துக்குள் கிடைப்பது போதும். மலிவான ட்ரைபாட் காற்றில் ஆடும். நடுக்கம்பியை உயர்த்தாமல் கால்களை மட்டும் நீட்டுங்கள், நடுக் கொக்கியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தரையோடு எடுக்க ஒரு கிலோ அரிசி நிரப்பிய துணிப்பை போதும். மொபைலை அதில் அமுக்கி வைத்தால் அசையாது. சக்கரத்தின் உயரத்திலிருந்து எடுக்கும் ஷாட்டுக்கு இது ட்ரைபாடைவிட நல்லது.

பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மைக் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேனன் 600டியில் உண்டு, 1500டியில் கிடையாது. 600டி ஒரே ஃபைலில் 4 ஜிபிக்கு மேல் எழுதாது. சுமார் 12 நிமிடத்தில் பதிவு நின்றுவிடும். நீண்ட பேட்டியில் அதைக் கவனிக்காமல் விட்டால் பாதிப் பேச்சு போய்விடும்.

படி 2: மொபைலைத் தயார் செய்தல்

லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் விளக்குகளைச் சுற்றிப் புகை போல் ஒளி பரவும். ஏர்பிளேன் மோடு போடுங்கள். அழைப்பு வந்தால் பதிவு நிற்கும். இடம் காலி இருக்கிறதா பாருங்கள். 1080பி வீடியோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி எடுக்கும், 40 நிமிடம் எடுத்தால் 5 ஜிபியைத் தாண்டும். முதல் படத்துக்கு 4கே வேண்டாம். பழைய லேப்டாப் திணறும். பின்கேமராவில் 1எக்ஸ் லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். கிட்டத்தில் வேண்டுமென்றால் ஸூம் செய்யாமல் காலால் நெருங்கிப் போங்கள்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மொபைல் வழக்கமாக வினாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 தனிப் படம், எடுக்கும்; ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளியை வாங்கும் நேரமான ஷட்டரைத் தானே 1/60 வினாடி என்றோ 1/120 என்றோ வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளியின் வேறுவேறு கட்டத்தைப் பிடிப்பதால் படத்தில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகரும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் ஒளியின் முழுச் சுற்று அடங்கிவிடும், பட்டை மறையும். ஃப்ரேம் 30 ஆக இருந்தாலும் இது பலிக்கும். ஆனால் 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் என்பதே நம் மின்சாரத்துக்குப் பொருத்தமான ஜோடி. சுழலும் சக்கரத்தில் இயல்பான மங்கலும் கிடைக்கும்.

மொபைலோடு வரும் கேமரா செயலியில் இந்த வசதி இல்லையென்றால் ஓப்பன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா இரண்டும் இலவசம். எல்லா மொபைலிலும் எல்லா வசதியும் திறக்காது. ஓப்பன் கேமராவில் அமைப்புகளுக்குள் போய் கேமரா2 ஏபிஐயைத் தேர்ந்தெடுத்தால்தான் ஷட்டரும், ஒளிக்குச் சென்சார் காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவும் தெரியும். வெட்டவெளி வெயிலில் இந்தக் கவலை இல்லை, ஷட்டர் எவ்வளவு வேகமாகப் போனாலும் பட்டை வராது.

படி 3: வெளிச்சம்

குயவர் வேலை செய்யும் கொட்டகை பெரும்பாலும் இருட்டாக இருக்கும், ஒரு வாசல் மட்டும் பளீரென்றிருக்கும். வாசல் அவர் முதுகுப்பக்கம் இருக்கும்படி எடுத்தால் முகம் கரிக்கட்டையாகும். கேமராவை வாசல் பக்கச் சுவரோரம் கொண்டுபோங்கள். வெளிச்சம் அவர் முகத்தில் பக்கவாட்டில் விழட்டும். இருண்ட கன்னத்துக்கு எதிரே, படச்சட்டத்துக்கு வெளியே, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளைத் தெர்மாகோல் பலகையைச் சாய்த்து வையுங்கள். ஓர் அடி நகர்த்தினாலே முகத்தில் வித்தியாசம் தெரியும். வெயில் நேராக உள்ளே அடித்தால் வாசலில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள்.

வாசல் வெளிச்சம் போதுமென்றால் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலமும் மறு கன்னம் மஞ்சளுமாக நிற்கும், பிறகு பிரிக்க முடியாது. அடுத்து, திரையில் அவர் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் அவர் வெள்ளை வேட்டியோடு எழுந்து நிற்கும்போது கேமரா பயந்து படத்தை இருட்டாக்கும். வேட்டி கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை. கருத்த முகத்தின் விவரம் கெடக் கூடாது. வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் பூட்ட முடிந்தால் பூட்டுங்கள், ஷாட்டுக்கு ஷாட் மண்ணின் நிறம் மாறாது.

படி 4: ஒலி

மைக்கை நெஞ்செலும்பின் மேல், தாடையிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். சட்டை இல்லாமல் துண்டு மட்டும் போட்டிருந்தால் துண்டின் விளிம்பில் மாட்டலாம். வயரில் ஒரு சிறு வளையம் போட்டு நாலு விரல் கீழே டேப்பால் ஒட்டினால், அவர் அசையும்போது வரும் உரசல் சத்தம் மைக் தலைக்கு ஏறாது. மின்விசிறியை நிறுத்துங்கள். மின்சக்கரமாக இருந்தால் பேட்டியின்போது அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். எதிரொலிக்கும் சிமெண்ட் அறையில் அவருக்கு எதிரே கொடியில் ஜமுக்காளமோ பழைய போர்வையோ தொங்கவிட்டால் பாதி எதிரொலி அடங்கும்.

மொபைலும் ரெக்கார்டரும் தனித்தனியாகப் பதிவு செய்தால், தொடக்கத்தில் கேமராவுக்கு முன்னால் ஒருமுறை கை தட்டுங்கள். முடிவிலும் ஒருமுறை. இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றல்ல; அரை மணி நேரத்தில் உதடும் ஒலியும் கொஞ்சம் விலகக்கூடும். முடிவில் தட்டிய தட்டு அந்த விலகலைக் காட்டிக்கொடுக்கும். பானையின் அடிப்பாகத்தைப் பலகையால் தட்டிக் கூட்டும் வேலையை எடுக்கும்போது கைதட்டலே தேவையில்லை, ஒவ்வொரு அடியும் ஓர் அடையாளம்தான்.

கிளம்பும் முன் எல்லாரையும் அரை நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி அறையின் வெற்று ஒலியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் பேச்சை வெட்டிய இடங்களில் விழும் குழியை நிரப்ப இது வேண்டும்.

படி 5: ஷாட் எடுத்தல்

முதலில் பேட்டி. அவர் சொல்வதில் என்னென்ன வேலைகள் வருகின்றன என்று குறித்துக்கொண்டு, பிறகு அவற்றைத் தேடி எடுங்கள். மண் பிசைதல் என்று சொன்னால் மண் பிசையும் ஷாட் வேண்டும். கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லும்படி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். “எத்தனை நாள் காயணும்?” என்பதற்கு “மூணு நாள்” என்று மட்டும் வந்தால் வெட்டி ஒட்ட முடியாது. “பானை மூணு நாள் காயணும்” என்று வந்தால் ஒட்டலாம்.

ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து ஷாட்: இடம் முழுதும் தெரியும்படி ஒன்று, ஆள் இடுப்புவரை, முகம், கை, கை தொடும் பொருள். ஒவ்வொன்றும் குறைந்தது 10 வினாடி, கேமராவை அசைக்காமல். பதிவு பொத்தானை அழுத்தியபின் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். புதியவர்கள் எடுத்த காட்சிகளில் பெரும்பாலும் இதுதான் குறை: நாலு வினாடிக்குள் கேமரா அடுத்த பக்கம் ஓடிவிடும், வெட்ட இடமே இருக்காது. வேகமாகத் திருப்பினால் தூண்களும் கதவுகளும் சாய்ந்து நெளியும். மொபைல் சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் வருவது அது.

இன்னொன்று. அவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்று எடுங்கள். தாண்டினால் ஒரு ஷாட்டில் வலப்பக்கம் பார்க்கும் ஆள் அடுத்ததில் இடப்பக்கம் பார்ப்பார். மேலே இருந்து எடுக்கும் கை ஷாட் ஒன்று இருந்தால் நடுவில் வைத்து இதைச் சமாளிக்கலாம். ஈர மண் தெறிக்கும் தூரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள்.

படி 6: எடிட்டிங்குக்கு முன்

எல்லா ஃபைல்களையும் லேப்டாப்பிலும் வேறொரு பென்டிரைவிலும் சேமித்த பிறகே மொபைலிலிருந்து அழியுங்கள். படம், ஒலி, இசை, எழுத்து என்று தனித்தனி ஃபோல்டர் போடுங்கள். எடிட்டிங் தொடங்கியபின் ஃபைல் பெயரை மாற்றினால் மென்பொருளுக்கு அது காணாமல் போய்விடும்.

மொபைல் வீடியோவில் ஒரு மறைந்த சிக்கல் உண்டு. மொபைல் 30 ஃப்ரேம் என்று சொன்னாலும் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப அதைக் கூட்டிக் குறைக்கும். எடிட்டிங் மென்பொருளில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் போட்டால் தொடக்கத்தில் சரியாக இருக்கும் பேச்சு ஐந்தாவது நிமிடத்தில் உதட்டைவிட்டு விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, மாறாத ஃப்ரேம் வேகம் என்பதைத் தேர்ந்து, எடுத்த அதே எண்ணை, 25 என்றால் 25ஐ, கொடுத்து மாற்றிவிடுங்கள். தர எண்ணை 18 என்று வைத்தால் கண்ணுக்குத் தெரியும் இழப்பு இருக்காது.

படி 7: வெட்டுதல்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு அருமையானது, ஆனால் 8 ஜிபி ராமில் மூச்சு வாங்கும். இந்த லேப்டாப்புக்கு ஷாட்கட் என்ற இலவச எடிட்டிங் மென்பொருள் போதும். திறந்ததும் வீடியோ மோடில் 1080பி, 25 ஃப்ரேமைத் தேர்ந்தெடுங்கள். ஓட்டம் தடுக்கினால் அமைப்புகளில் ப்ராக்ஸியை இயக்குங்கள். சின்னப் பிரதிகளை வைத்து வெட்டுவீர்கள், கடைசியில் அசலிலிருந்தே படம் உருவாகும்.

முதலில் பேட்டியை மட்டும் டைம்லைனில் போட்டு, திரையைப் பார்க்காமல் காதால் கேட்டு வெட்டுங்கள். எஸ் விசை அந்த இடத்தில் வெட்டும், எக்ஸ் விசை தேர்ந்த துண்டை நீக்கி இடைவெளியையும் மூடும். இருபது நிமிடப் பேட்டி நாலு நிமிடமாகும்வரை இதைச் செய்யுங்கள். வாக்கியத்தின் நடுவில் வெட்டாமல் மூச்சு விடும் இடத்தில் வெட்டினால் ஒட்டு தெரியாது. கதை காதுக்கு நின்றபிறகு மேலே இன்னொரு வீடியோ டிராக் போட்டு வேலை ஷாட்களை வையுங்கள், வெட்டிய ஒட்டுகள் எல்லாம் அவற்றுக்கு அடியில் மறையும். ஷாட் ஒன்று சராசரியாக 5 வினாடி என்றால் ஐந்து நிமிடத்துக்கு 60 ஷாட் தேவை. அந்த ஷாட்களின் சொந்த ஒலியை ஊமையாக்காதீர்கள்; மண் அறைபடும் சத்தமும் தட்டுப்பலகைச் சத்தமும் பேச்சுக்கு அடியில் மெல்லக் கேட்கட்டும். இசையைவிட அதுதான் பார்ப்பவரை அந்தக் கொட்டகைக்குள் உட்கார வைக்கும்.

ஒலியில் மூன்று வேலை: பேச்சுக்கு ஹைபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போட்டு அடி இரைச்சலை நீக்குதல், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் நிறுத்துதல், இசை இருந்தால் பேச்சின்போது அதைப் பாதாளத்துக்கு இறக்குதல். இசைக்கு யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கிறது. நிறத்தில் வெளிச்சத்தையும் ஒயிட் பேலன்ஸையும் ஷாட்டுக்கு ஷாட் சமன் செய்தால் போதும்.

தலைப்பு எழுத முதலில் “சொல்லிக்கொடு” என்று தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி வந்தால் அந்த மென்பொருளின் எழுத்துக் கருவி தமிழுக்கு ஆகாது. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து மேல் டிராக்கில் வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் எழுத்துருக்கள் இலவசம். எழுத்தை விளிம்பிலிருந்து பத்தில் ஒரு பங்கு உள்ளே வையுங்கள்.

படி 8: வெளியே எடுத்தல்

படத்தை ஃபைலாக எடுக்கும்போது இந்த அமைப்புகளை வையுங்கள்: ஹெச்.264, 1080பி, 25 ஃப்ரேம், வினாடிக்கு 10 மெகாபிட். ஒலி ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 75 எம்பி என்ற கணக்கில் ஐந்து நிமிடப் படம் 375 எம்பி ஆகும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பினால் நசுங்கிவிடும், டாக்குமெண்ட்டாக இணையுங்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒருமுறை மொபைல் ஸ்பீக்கரிலும் ஒருமுறை இயர்ஃபோனிலும் கேளுங்கள். ஸ்பீக்கரில் இசை பேச்சை மூடும், இயர்ஃபோனில் ஒட்டுகள் துள்ளும். இரண்டும் தனித்தனிக் குறைகள். பிறகு படத்தை அந்தக் குயவரிடமே போட்டுக் காட்டி, அவர் பெயரும் ஊரும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, வேலையின் வரிசை மாறாமல் இருக்கிறதா என்று கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.