டிப்ஸ்டிக் ஏன் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டியது?

வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றி ஒரு வாரம்தான். காலையில் போர்டிகோவில் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் குச்சியை, உருவிப் பார்த்தால் மேல் குறிக்குச் சரியாக இருந்தது. மாலையில் வாசல் சரிவில் வண்டியை நிறுத்திய கையோடு பார்த்தால் கீழ்க் குறிக்கும் கீழே. பயந்துபோய் அரை லிட்டர் ஊற்றிவிட்டேன். மறுநாள் காலை மேல் குறியைத் தாண்டி நின்றது.

எஞ்சின் நின்றதும் ஆயிலில் ஒரு பகுதி மேலேயே தங்கியிருக்கும். அடித்தொட்டிக்கு வடிய 5 முதல் 10 நிமிடம் வேண்டும். சரிவில் நின்றால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். நான் இரண்டையும் கவனிக்கவில்லை.

அதிகமானதை அப்படியே விடக்கூடாது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கினால் மசகு சரியாகப் போய்ச் சேராது. டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய டியூப் விட்டு, பெரிய சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்தேன். பொறுமை வேண்டிய வேலை.

இப்போது சமதளம், 10 நிமிடக் காத்திருப்பு. முதலில் உருவும்போது தெரியும் அளவை நம்புவதில்லை. துடைத்து, கடைசிவரை அழுத்திச் செருகி, மறுபடி உருவி, நுனி கீழே இருக்கும்படி பிடித்துப் பார்க்கிறேன். இரு பக்கமும் வேறுபட்டால் குறைவானதுதான் கணக்கு. புது ஆயில் வெளிர் நிறமாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பும்; வெள்ளைத் தாளில் ஒற்றினால் ஈரம் எதுவரை என்று தெரிந்துவிடும்.